மலையேறும் கற்படிகள்

முதல் படியில் கால் வைக்கத் தயங்குவோரை எங்கள் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் காண்கிறோம். ஒரு படி எத்துணை உயரம் என்பதை அவர்களே அறிவர். ஆகவேதான் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பியர் மவுண்டன் பூங்காவைப் பற்றி எழுத விழைந்தோம்.

1921இல் பென்டன் மக்காய் என்பவர், மனைவியை இழந்த சில மாதங்களில், அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நடைபாதை வேண்டுமென எழுதினார். மலைக்காற்று நோயுற்றோருக்கும் உரியது என்பது அவர் கருத்து. இன்று 14 மாநிலங்களைக் கடக்கும் அப்பாதையின் முதற்பகுதி, 1923இல் இப்பூங்காவில்தான் திறக்கப்பட்டது.

பல்லாண்டுக் கால்மிதியாலும் மழைநீர் அரிப்பாலும் அத்தடம் சிதைந்தது. தன்னார்வலர்கள் கல்வேலை பயின்று அதனைச் சீரமைக்க முன்வந்தனர். பாறையில் துளையிட்டு, ஆப்பறைந்து பிளந்து, கம்பிவடத்தில் தொங்கவிட்டு நகர்த்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைப் பதித்தனர். பணி முடியப் பத்தாண்டுக்கு மேலாயிற்று.

படிகளைவிட எங்களை வியக்கவைத்தது வேறொன்று. உச்சியருகே ஒரு பகுதியைப் படியே இன்றிச் சக்கர நாற்காலி செல்லுமாறு சமமாக அமைத்துள்ளனர். அதுவரை மோட்டார் வண்டியிலேயே போகலாம். அங்கிருந்து பார்த்தால் கீழே ஹட்சன் ஆறு தெரியும்.