பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்

எட்டுப் பசு வைத்திருக்கும் கமக்காரனுக்கும் எண்பது பசு வைத்திருக்கும் கமக்காரனுக்கும் ஒரு சங்கத்திலே ஒரே வாக்கு என்றால், எண்பது பசுக்காரன் இசைவானா? டென்மார்க்கிலே இசைந்தான். 1882 ஆம் ஆண்டில், யூட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள யெடிங் என்னும் சிற்றூரில் அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பாற்சாலை தோன்றிற்று. இருபது ஆண்டுகளில் அத்தகைய பாற்சாலைகள் ஏறத்தாழ ஆயிரமாயின. கொடுத்த பாலுக்கேற்ப இலாபம், வாக்கு ஆளுக்கொன்று, சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் பிணை. இதுவே அவற்றின் பொது நியதி.

பொருளியலார் இதற்குக் காரணங் கூறுவர். 1870 களிலே அமெரிக்காவிலும் ருசியாவிலும் இருந்து மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளிற் குவிந்தது. விலை வீழவே, டேனிய உழவர் தானியத்தைக் கால்நடைக்குத் தீனியாக்கி, இங்கிலாந்துக்கு வெண்ணெய் அனுப்பத் தலைப்பட்டனர். பாலாடையைப் பிரிக்கும் பொறியும் அக்காலத்திலேயே வந்தது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும், அதே பொறியைக் கொண்டு, அதே கூட்டுறவு நெறியிலே, ஹொரஸ் பிளங்கட் 1889 முதல் அயர்லாந்தில் உழைத்தார். காணிப் பூசலும் சமயப் பகையும் அங்கே குறுக்கிட்டன; சங்கங்கள் எழுந்தனவெனினும் டென்மார்க்கின் வேகம் அவற்றுக்கு வாய்க்கவில்லை. அவ்வாறாயின், அயலவன் கடனுக்குப் பிணை நிற்கும் மனம் டேனிய உழவனுக்கு எங்கிருந்து வந்தது?

விடை தேடுவோர் கிரண்ட்விக் என்னும் குருவானவரை (1783–1872) அறிதல் வேண்டும். கவிஞராகவும் வரலாற்றறிஞராகவும் விளங்கிய அவர், இலத்தீன் பள்ளிகளைச் சாவின் பள்ளிகள் எனச் சாடியவர். நாட்டின் மன்றத்திலே உழவனும் அமரும் காலம் வரும். அதற்கு அவன் தாய்மொழியிலே தன் நாட்டு வரலாற்றையும் பாடலையும் கேட்டு, வாய் திறந்து பேசப் பழகவேண்டும் என்பது அவர் கருத்து. 1844 இல் ரெடிங்கிலே முதலாவது மக்கள் உயர்பள்ளி எழுந்தது. ஐந்தாண்டில் முடியாட்சியின் தனியதிகாரம் நீங்கி அரசியற்றிட்டம் வந்தது. 1864 இல் பிரசியாவும் ஒஸ்திரியாவும் தொடுத்த போரிலே ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் பறிபோயின. தோற்ற நாட்டிலே இப்பள்ளிகள் ஒன்று பலவாகப் பெருகின.

பதினெட்டு வயது கடந்த உழவர் மக்கள் குளிர்காலத்தில் ஐந்து மாதம் அங்கே தங்குவர். கோடையிலே மூன்று மாதம் பெண்கள். பாட்டு, ஆசிரியர் உரை, பின்னர் உரையாடல். பரீட்சையுமில்லை, பட்டமுமில்லை. (பெறுபேற்றைக் கொண்டே பிள்ளையையும் ஆசிரியனையும் நிறுக்கும் நமக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும்.) கேட்டதெல்லாம் மறந்துவிடுகிறதே என்று வருந்திய ஒருவனுக்கு, கிறிஸ்தென் கோல்ட் என்னும் ஆசிரியர் கூறிய மறுமொழியை டேனியர் இன்றும் சொல்லுவர். வடிகுழாயைப் புதைத்தவன் இடத்தை அறிய அடையாளம் நாட்டவேண்டும். விதைத்த தானியத்துக்கு அது வேண்டியதில்லை, தானே முளைத்துக் காட்டும் என்றாராம்.

எல்லாப் புகழையும் இப்பள்ளிகளுக்கே சூட்டுதல் நேர்மையன்று. 1814 இலேயே கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்துவிட்டமையால், வந்தவர்கள் எழுத்தறிந்தே வந்தனர். வந்தவரும் பெரும்பாலும் சொந்தக் காணி உடையாரின் மக்கள்; கூலியாளின் பிள்ளைக்கு ஐந்து மாத ஓய்வேது? 1849 இன் வாக்குரிமையும் பெண்களை விலக்கியது, பிறர் வீட்டு வேலையாட்களை விலக்கியது. அவர்கள் 1915 வரை காத்திருந்தனர்.

ஆயினும், பாற்சாலைச் சங்கங்களை முன்னின்று நடத்தியோரிற் பலர் இப்பள்ளிகளிலே தங்கியவர்கள். வெண்ணெய் கடையும் நுட்பத்தை அவர்கள் அங்கே பெரிதும் கற்றாரல்லர். அயலூர்ப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உண்டனர். நேற்று எதிர்த்துப் பேசியவனோடு இன்றும் பேசப் பழகினர். சங்கக் கூட்டத்துக்கு அதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்?

இன்று அந்நாட்டில் எழுபதளவான மக்கள் உயர்பள்ளிகள் இருக்கின்றன. பரீட்சை இன்னும் நுழையவில்லை. கமக்காரரின் பிள்ளைகள் அருகி, இசையும் ஓவியமும் விளையாட்டும் பயில நகரத்து இளைஞர் வருகின்றனர். காலையிலே எல்லாருங் கூடிப் பாடும் வழக்கம் மட்டும் பல பள்ளிகளிலே மாறவில்லை.