கரிசல்காட்டு ஜீப்புக்குக் கிளட்ச் மாற்றினோம்

விளாத்திகுளம் கரிசல் மண் நாலு தூறல் விழுந்தாலே டயரைப் பிடித்துக்கொள்ளும். போன ஆவணியில் தொழுவுரம் ஏற்றிய எங்க பழைய ஃபோர் வீல் ஜீப் அப்படித்தான் நின்றது. இன்ஜின் உறுமுது, வண்டி நகரலை, கருகின வாடை. அரைக் கிளட்சிலேயே ஓட்டிப் பிளேட்டைத் தேய்த்தது நான்தான். மெக்கானிக் வரப் பத்து நாளாகும். புரட்டாசி விதைப்புக்குள்ள உரம் காட்டுக்குச் சேரணும். தம்பியும் நானும் களத்திலேயே வேலையைத் தொடங்கினோம்.

சந்தேகமிருந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது.

முதலில் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீங்க. சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்டு கட்டாயம். ஃபோர் வீலில் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றணும். கியர் பாக்ஸோடு டிரான்ஸ்ஃபர் கேசும் சேர்ந்து இறங்கும், கனம் அதிகம். இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு மூணு பேராய் இறக்கினோம்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீங்க. பழைய பிளேட்டில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைங்க.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்க. ஃபிளைவீலில் எண்ணெய் தெரிந்தால் ஆயில் சீலைப் பாருங்க. விட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும். பழைய பிளேட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்க. வேப்பங்கட்டையைச் செதுக்கிச் செருகி, பிளேட்டை நடுவில் நிறுத்தினோம். போல்டுகளை எதிரெதிராய், கொஞ்சம் கொஞ்சமாய் முறுக்குங்க. கடைசியில் பெடலில் ஃப்ரீ பிளே சரிபாருங்க.

உரம் விதைப்புக்கு முந்தியே சேர்ந்தது. இப்போ சேற்றில் இறங்கும் முன்னாடியே லோ கியர் போட்டுவிடுகிறேன். அரைக் கிளட்ச் கிடையாது.