குபேர் சாமி இல்லை, கண்ணு!

போன ஞாயிற்றுக்கிழமை சாரத்திலிருந்து பேத்தியோடு பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தவள், "குபேர் அங்காடியா? பணக்கார சாமியா தாத்தா?" என்றாள். கருவாட்டுக் கூடைக்குப் பின்னாலிருந்த அம்மாள் "ஆமாம் கண்ணு" என்று முடித்துவிட்டார்.

எதுவார் குபேர் சாமி இல்லை. ஒரு காலத்தில் புதுச்சேரியை ஆட்டிப்படைத்தவர். 1894-இல் பிறந்தார். தந்தை வழியில் பிரெஞ்சு ரத்தம், தாய் வழியில் தமிழ் ரத்தம். 1947-இல் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவோடு எழுந்த பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் முகம் அவர்தான். அன்று வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடியும் 'மேரி' எனப்பட்ட நகராட்சியின் பிடியில். மேரிகளில் பெரும்பாலானவை அவர் கட்சியின் பிடியில். 1951-இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார்.

பிறகு காற்று திரும்பியது. இந்தியா எல்லையில் சுங்கக் கெடுபிடியை இறுக்கியது. பிரெஞ்சுக்காரர்களோடு அவருக்கிருந்த உறவும் கசந்தது. 1954 மார்ச்சில் குபேரும் கூட்டாளிகளும் 'வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு சேருவோம்' என்று தீர்மானம் போட்டார்கள். நேற்றுவரை பிரான்சின் தூணாக நின்றவர், அந்த மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது.

1963 ஜூலை 1-இல் குபேர் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர். அந்த நாற்காலி பதினான்கு மாதம்தான் நிலைத்தது. 1964 தேர்தலில் அவர் அப்போது இருந்த காங்கிரஸ் கட்சியே வென்றது. ஆனால் செப்டம்பரில் முதல்வரானவர் வெங்கடசுப்பா ரெட்டியார். பிரெஞ்சுக்காரர்களையே கணக்குப் போட்டுக் கழற்றிவிட்டவரை, சொந்தக் கட்சியின் தலைக்கணக்கு கழற்றிவிட்டது.

பதவி போனபின்னும் பிடியை விடாதவர்கள் உண்டு. ஜப்பானில் தனாகா ககுவேய் என்றொரு பிரதமர். 1974-இல் பதவி போயிற்று, 1976-இல் லாக்ஹீட் விமான லஞ்ச வழக்கில் கைதானார். ஆனாலும் கட்சிக்குள் தன் கோஷ்டியைக் கலைய விடாததால், அடுத்தடுத்த பிரதமர்களைத் திரைமறைவிலிருந்து தீர்மானித்தார். குபேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1979-இல் அவர் காலமானார். கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர்தான். ஊர் சொல்வதோ 'பீச் ரோடு'.

2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் வரிசையாக ராஜினாமா செய்து, புதுச்சேரியில் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தபோது எனக்குக் குபேர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊரில் தேர்தல் நாளில் எண்ணுவது எங்கள் விரல் மையை. ஆட்சியை முடிப்பது அவர்கள் தலைகளை எண்ணி.