உமா ஓயாவும் அபாய நாடுகளின் பட்டியலும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளுக்கு அடியில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு சுரங்கம் செல்கின்றது. புகுல்பொல, டயரபா ஆகிய இரு நீர்த்தேக்கங்களில் தேங்கும் உமா ஓயாவின் நீர் அதன் வழியே மலையைத் துளைத்துச் சென்று, வெல்லவாயப் பக்கத்தில் நிலத்தினுள்ளே குடையப்பட்ட மண்டபமொன்றில் 120 மெகாவொற் மின்சாரத்தைப் பிறப்பித்துவிட்டு, தென்கிழக்கின் வறண்ட வயல்களை நோக்கி இறங்குகின்றது. 2008 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி அகமதிநெஜாத் இலங்கைக்கு வந்தபோது அடிக்கல் நாட்டப்பெற்று, 2010இல் வேலை தொடங்கப்பெற்ற இத்திட்டத்தை, 2024 ஏப்ரல் 24ஆம் திகதி மற்றோர் ஈரானிய ஜனாதிபதியான ரைசி வந்து திறந்துவைத்தார். சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் கசிந்தோடி, பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றியதும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததும் தனியே எழுதப்படவேண்டிய துயரக் கதை. இங்கே நான் கூற வந்தது, அந்தச் சுரங்கத்துக்கு வந்துசேராத பணத்தின் கதை.

50 கோடி டொலருக்கு மேற்பட்ட அச்செலவில் நூற்றுக்கு 85 பங்கை ஈரான் கடனாகத் தருவதென்றும், எஞ்சியதை இலங்கை ஏற்பதென்றும் உடன்பாடு. ஆனால் ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கியிடமிருந்து வந்தது ஏறத்தாழ 5 கோடி டொலர் மாத்திரமே. மற்றதையெல்லாம் இலங்கைத் திறைசேரியே சுமந்தது. கொடுப்பதாக வாக்களித்த ஒரு தேசம் இருந்தது. பெற்றுக்கொள்ள ஆயத்தமாயிருந்த மற்றொரு தேசமும் இருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே பணம் நடந்துவரும் பாதை அடைபட்டுப் போயிற்று. அப்பாதை எத்தகையது, அதைக் காப்பவர் யார், எந்த நாட்டிலிருந்து வரும் பணத்தை எவ்வாறு பரீட்சிக்கின்றார்கள் என்பவற்றை ஊவா மாகாணத்து வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

குற்றத்தால் ஈட்டிய பணத்துக்கு நேர்மையான வருமானத்தின் வேடத்தைப் புனைவதையே பணம் தூயதாக்கல் என்கிறோம். போதைப்பொருள் விற்றவனும் இலஞ்சம் வாங்கியவனும் முதலில் அப்பணத்தை எப்படியாவது ஒரு வங்கிக்குள் நுழைத்துவிடுகிறார்கள். பின்பு அதன் பிறப்பிடம் விளங்காதபடி பல கணக்குகளுக்கும் பல நாடுகளுக்கும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். கடைசியில் அது ஒரு மாடிவீடாகவோ கம்பனியாகவோ வெளிப்படுகின்றது. நடுவிலுள்ள அந்த மாற்றுதலுக்கு மிகவும் ஏற்ற இடம், சட்டம் தளர்ந்த நாடு. ஆதலால்தான் ஆளைப் பார்ப்பதோடு நாட்டையும் பார்க்கவேண்டிய நிலை வங்கிகளுக்கு உண்டாயிற்று.

வெளிநாட்டுப் பணம் எவ்வாறு வருகின்றது? கடல் கடந்து காசு எதுவும் பயணம் செய்வதில்லை. கொழும்பிலுள்ள ஒரு வங்கி, நியூயோர்க்கிலோ பிராங்பேர்ட்டிலோ உள்ள ஒரு பெரிய வங்கியில் தனக்கென ஒரு கணக்கை வைத்திருக்கின்றது. அனுப்புகின்றவனுடைய வங்கிக்கும் அத்தகைய கணக்கொன்று இருக்கின்றது. 1973இல் பெல்ஜியத்தில் நிறுவப்பெற்ற ஸ்விப்ட் என்னும் செய்திச் சேவையின் வழியே ஒரு கட்டளை செல்ல, ஒரு கணக்கில் தொகை குறைந்து மறு கணக்கில் கூடுகின்றது. இவ்வாறு பிறருக்காகக் கணக்கு வைத்திருக்கும் பெரிய வங்கியைத் தொடர்பு வங்கி என்பர். அந்தத் தொடர்பு வங்கிக்குப் பதுளையிலுள்ள வாடிக்கையாளர் ஒருவரையும் தெரியாது. பழைய காலத்தில் தோட்டத்துத் துரை ஒவ்வொரு தொழிலாளியையும் அறியாமல், தாம் அறிந்த கங்காணியின் சொல்லை நம்பியே ஆட்களை ஏற்றுக்கொண்டதுபோல, அதுவும் கொழும்பு வங்கியின் சொல்லை நம்பியே அதன் வாடிக்கையாளரின் பணத்தைக் கடத்திவிடுகின்றது. அந்த நம்பிக்கை பொய்த்தால் கோடிக்கணக்கான டொலர் தண்டம் கட்டவேண்டியதும், அனுமதிப்பத்திரத்தையே இழக்க நேர்வதும் தொடர்பு வங்கிதான்.

நாடுகளைத் தரம் பிரிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியவேண்டும். 1989இல் பாரிஸ் நகரில் கூடிய ஏழு பெருந்தேசங்களின் மகாநாடு நிதியியல் நடவடிக்கைச் செயலணி என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தது. 40 விதப்புரைகளை வகுத்துள்ள அச்செயலணி, நாடுகள் அவற்றைக் கைக்கொள்ளுகின்றனவா என்று ஆராய்ந்து, ஆண்டுக்கு மூன்று முறை இரண்டு பட்டியல்களை வெளியிடுகின்றது. குறைகளை ஒப்புக்கொண்டு, குறித்த காலத்துக்குள் திருத்துவதாக உறுதியளித்த நாடுகள் இருப்பது சாம்பல் நிறப் பட்டியல். கறுப்புப் பட்டியலிலோ வட கொரியா, ஈரான் ஆகியவற்றோடு, 2022 ஒக்டோபர் முதல் மியன்மாரும் இருக்கின்றது. கறுப்புப் பட்டியல் நாடுகளைக் குறித்துத் தீவிர எச்சரிக்கையைக் கோரும் செயலணி, சாம்பல் நிற நாடுகளோடு கொடுக்கல்வாங்கலை அறுத்துவிடும்படி எந்த வங்கிக்கும் கூறவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, பட்டியலில் பெயர் இருக்கின்றதென்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைக்கும் வங்கிகள் உலகில் பல இருக்கின்றன. அது எச்சரிக்கையாகாது, ஆராயும் சிரமத்தைத் தவிர்ப்பதற்கு ஓர் உபாயமே.

நெறிப்படி நடக்கும் வங்கியில் நாடு என்பது நான்கு அளவைகளுள் ஒன்று மாத்திரமே. வாடிக்கையாளர் யார், எந்த நாட்டோடு சம்பந்தமுடையவர், எத்தகைய சேவையை நாடுகிறார், நேரில் வந்தாரா அன்றி இடையாள் மூலமாக வந்தாரா என்பவற்றையெல்லாம் சேர்த்தே அவருடைய அபாயம் தாழ்ந்ததா, நடுத்தரமானதா, உயர்ந்ததா என்று தீர்மானிக்கிறார்கள். துபாயில் வீட்டுவேலை செய்யும் மகள் பசறையிலுள்ள தாய்க்கு மாதந்தோறும் அனுப்பும் சம்பளத்தின் ஒரு பங்கும், அதே துபாயிலிருந்து உரிமையாளர் யாரென விளங்காத ஒரு கம்பனி திடீரென அனுப்பும் பெருந்தொகையும் ஒரே நாட்டிலிருந்து வந்தனவென்பதற்காக ஒரே தட்டில் வைக்கப்படமாட்டா. நாட்டின் பெயர் கூர்ந்து பார்ப்பதற்குக் காரணமாகவேண்டுமே தவிர, பார்க்காமல் விலக்குவதற்குக் காரணமாகக் கூடாது.

உயர்ந்த அபாயம் எனத் தீர்மானித்தபின், பணம் எந்த வழியில் ஈட்டப்பட்டது என்பதற்கு வங்கி பத்திரங்களைக் கேட்கும்; கம்பனியாயின், அதன் பின்னால் நின்று உண்மையில் நன்மை பெறுகின்ற மனிதர் யாரென அறிய முயலும்; கணக்கைத் திறக்கவோ தொடரவோ மேல்நிலை நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெறும்; அதன்பின்னும் அக்கணக்கை மற்றவற்றிலும் அடிக்கடி பரிசோதிக்கும். இலங்கையில் இவற்றுக்கு அடிப்படையாயுள்ளவை 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், அதே ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டமும், 2016இல் வெளியான விதிகளுமாகும். 10 இலட்சம் ரூபாயை எட்டும் காசுக் கொடுக்கல்வாங்கல்களும், எத்தொகையாயினும் சந்தேகத்துக்கு இடமானவையும் மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கப்படும். அவ்வாறு சந்தேகித்து அறிவித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்வது குற்றம். ஆதலின், கருமபீடத்தில் இருக்கும் உத்தியோகத்தர் காரணம் கூறாமல் மௌனம் சாதிப்பது சில வேளைகளில் சட்டத்தின் கட்டளையாலேயே.

பெயர்களைச் சல்லடையிடும் வேலையைக் கணினி செய்கின்றது. அதன் வல்லமையையும் குறைபாட்டையும் ஒருங்கே காட்டிய சம்பவம் 2016 பெப்ரவரியில் நிகழ்ந்தது. வங்காளதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த திருடர்கள், அதன் பெயரால் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளைக்கு 35 கட்டளைகளை அனுப்பி, 95.1 கோடி டொலரை அள்ள முயன்றார்கள். பிலிப்பைன்ஸில் பணம் சேரவேண்டிய வங்கிக் கிளை ஜுப்பிட்டர் என்னும் வீதியில் இருந்தது; ஈரான் தொடர்பாகத் தடைசெய்யப்பட்ட ஒரு கப்பற் கம்பனியின் பெயரிலும் அச்சொல் இருந்தமையால், யாரும் எதிர்பாராதவாறு அக்கட்டளைகளிற் பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. தப்பிச் சென்ற 10.1 கோடி டொலரில் 2 கோடி இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கு வந்தது. பெறுநரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்னும் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடைநின்ற ஜேர்மன் வங்கி கவனித்து விளக்கம் கேட்டது. பணம் வந்துசேர்ந்த உள்ளூர் வங்கியிலும் தொகையின் பெருமை ஐயத்தை எழுப்பிற்று. அந்த 2 கோடியும் திரும்பிச் சென்றது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8.1 கோடியோ பெரும்பாலும் சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. கணினி தற்செயலாய்க் காத்தது. இலங்கைக்கு வந்த பணத்தைக் காத்ததோ மனிதர் கேட்ட கேள்வி.

இனி ஈரானின் விஷயம். செயலணியின் கண்டனத்தோடு, அணுசக்தி விவகாரத்தால் எழுந்த பொருளாதாரத் தடைகளும் சேர்ந்துகொண்டன. இரண்டும் வெவ்வேறானவை: ஒன்று வங்கிமுறையின் தளர்ச்சியைப் பற்றிய தீர்ப்பு, மற்றது அரசியற் கட்டளை. 2011 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரி அந்நாடு முழுவதையுமே பணம் தூயதாக்கும் பிரதான அபாயமெனப் பிரகடனம் செய்தது; 2012 மார்ச்சில் ஸ்விப்ட் சேவை ஈரானிய வங்கிகள் பலவற்றை நீக்கிற்று. டொலர் செல்லும் பாதை ஏறக்குறைய எப்போதும் நியூயோர்க்கைத் தொட்டுச் செல்கின்றமையால், உமா ஓயாவுக்குரிய கடனும் அங்கேயே நின்றுபோயிற்று. மறுபுறத்தில், இலங்கை ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய 25.1 கோடி டொலரையும் செலுத்த வழியிருக்கவில்லை. 2021 டிசெம்பரில், அக்கடனை மாதத்துக்கு 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதென உடன்பாடு செய்து, 2023இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தேயிலை உணவுப்பொருள், தடைசெய்யப்பட்ட ஈரானிய வங்கிகளுக்கு இதில் இடமில்லை, ஏற்றுமதியாளருக்கு இலங்கையிலேயே ரூபாயில் கொடுக்கப்படும்; ஆதலால் தடைகள் மீறப்படா என்பது இலங்கை கூறிய நியாயம். ஈரானியர் பெரிதும் விரும்புவது ஊவாவின் உயர்நிலத் தேயிலையை அன்று, தாழ்நிலத் தேயிலையையே என்றாலும், வங்கிப் பாதை அடைபட்டால் பண்டமாற்றுக் காலத்துக்குத் திரும்பவேண்டியிருக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

செயலணியின் பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றதுண்டு. 2013 வரை சில ஆண்டுகளும், மீண்டும் 2017 நவம்பர் முதல் 2019 ஒக்டோபர் வரையிலும் நமது நாடு சாம்பல் நிறப் பட்டியலில் இருந்தது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையை அபாய நாடுகளுடன் சேர்த்து, 2020 வரை நீக்காமலிருந்தது. ஹப்புத்தளையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தேயிலை அனுப்பும் கண்ணியமான வியாபாரியின் பணத்தையும் அக்காலத்தில் அங்குள்ள வங்கிகள் விசேஷமாய்ப் பரிசோதிக்கச் சட்டம் கட்டளையிட்டது. ஊவாவின் பெண்கள் பலர் உழைக்கின்ற ஐக்கிய அரபு இராச்சியமும் 2022 மார்ச் முதல் 2024 பெப்ரவரி வரை சாம்பல் நிறப் பட்டியலில் இருந்தது. 2024 ஒக்டோபரில் லெபனான் அதில் இடம்பெற்றது.

இத்தகைய காலங்களில் இரு முனைகளிலும் கேள்விகள் பெருகுகின்றன. லயத்து வாசிகளுக்கோ தனி விலாசமில்லை; பல தோட்டங்களில் கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்கே வருகின்றது. விலாசத்துக்கு அத்தாட்சி கொண்டுவா என்று வங்கியில் சொல்லப்பட்டவர், ஒரு நாட்சம்பளத்தை இழந்து பஸ் ஏறி வந்ததெல்லாம் வீணாகி, மறுமுறை பதிவில்லாத வழியில் பணம் சேர்ப்பிக்கும் உண்டியல்காரரை நாடுவதில் வியப்பில்லை. உண்டியலிலோ யாருடைய பணம் யாருடைய பணத்தோடு கலக்கின்றதென்று ஒருவரும் அறியார். மோசம்போனால் கேட்பதற்கு ஒரு துண்டுச்சீட்டும் இராது. நேர்மையான ஏழையைப் பதிவுள்ள வழியிலிருந்து துரத்துவது, குற்றவாளிக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பதாகும்.

ஆதலின் பதுளையிலும் பண்டாரவளையிலும் வங்கிக் கருமபீடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்துத் தாய்மாரிடம் கேட்கவேண்டியதைக் கேளுங்கள், ஆனால் எந்தப் பத்திரம் போதும், அதை யாரிடம் பெறலாம் என்பதை அவர்களுடைய மொழியிலேயே விளக்கி அனுப்புங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளை உடையவர்களுக்கும் ஒரு வார்த்தை: மகளின் தொழில் ஒப்பந்தத்தின் பிரதியையும், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாய் வைத்திருங்கள், கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள், அறிமுகமற்ற எவருடைய பணமும் அதன் வழியே செல்ல ஒருபோதும் இடங்கொடாதீர்கள்.