காற்றுக்கு ஒரு மூடி

கள்ளக்குறிச்சி வட்டாரம் கரும்புக்குப் பேர்போனது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு வெட்டிய வயலில் மிஞ்சும் சோகையைப் பலர் கொளுத்திவிடுவார்கள். மார்கழி, தை மாதங்களில், அதிகாலையில், கல்வராயன் மலையடிவாரத்தில் அப்படி எழும் புகையைக் கவனியுங்கள். சிறிது உயரம் எழும்; பிறகு மேலே போகாமல் படுதா விரித்தாற்போல் பக்கவாட்டில் பரவி நின்றுவிடும். வெயில் ஏறியதும் கலைந்துபோகும். ஏன் இப்படி?

சூடான காற்று இலேசானது, ஆகையால் மேலே எழும் என்று படித்திருப்பீர்கள். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை புகை ஏறிக்கொண்டே இருக்கும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மலைமேல் உள்ள கரியாலூர் சமவெளியைவிடக் குளுமையாக இருப்பது இதனால்தான்.

மேகமற்ற பனிக்கால இரவில் இந்த முறை மாறிவிடுகிறது. தரை தன் வெப்பத்தை வானவெளிக்கு இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலேயுள்ள காற்று அவ்வளவு குளிர்வதில்லை. இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். மேலேயுள்ள வெப்பக் காற்று, பானைக்கு மூடியிட்டாற்போல் புகையைத் தடுத்துவிடுகிறது. தரை மீண்டும் சூடான பிறகே மூடி திறக்கும். அதுவரை கீழே இருப்போர் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். அதிலுள்ள துகள்களில் பல 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இரா. மூக்கைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள்வரை போய்விடும்.

மூடி திறந்தால் ஆபத்து நீங்கியதா?

துகள்கள் சில நாட்களில் மழையோடோ தாமாகவோ தரைக்கு வந்துவிடும். சோகை எரிந்து வெளிவிடும் கரியமில வாயுவை அடுத்த கரும்புப் பயிர் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த கரியை அல்லவா வெளிவிடுகின்றன! அதை எடுத்துக்கொள்ளப் போதுமான பயிர் இல்லை. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்குக்கும் மேல். இந்த வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. அந்த மூடி வெயிலுக்குத் திறப்பதில்லை.

சோகையைக் கொளுத்துவதற்குக் காரணம் உண்டு: ஆள்கூலி மிச்சம், வயலும் விரைவில் சுத்தமாகும். ஆனால் அதே சோகையைப் பொடித்து வரிசைகளுக்கிடையே பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும், மக்கி உரமுமாகும்.

செய்து பாருங்கள்: ஒரு வெள்ளை அட்டையில் வாசலின் தடவி, மாலையில் மாடியில் வையுங்கள். காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஊரில் புகை எழுந்த நாளிலும் எழாத நாளிலும் இதைச் செய்து, இரண்டு அட்டைகளையும் ஒப்பிடுங்கள்.