கடற்பயிரின் ஒளியும் செயற்கைக்கோளின் கணக்கும்

பெருங்குடிக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு அலைகள் நீல ஒளி வீசியதை மக்கள் திரண்டு சென்று கண்டனர். அது நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் அலைக்கப்படும்போது தானே உண்டாக்கும் ஒளி. நாம் ஈண்டு விளக்கப் புகுவது அதுவன்று. பகற்பொழுதில் கடலினின்று எழுவதும், கண்ணுக்குப் புலனாகாததுமான வேறோர் ஒளியையே.

கடல்நீரின் மேற்பகுதியில் மிதக்கும் நுண்தாவரங்கள் நம் வயற்பயிரைப் போலவே பச்சையம் உடையவை. மீன்களின் உணவு இவற்றிலிருந்தே தொடங்குகின்றது. பச்சையமானது தான் ஏற்ற வெயிலில் பயன்படாத சிறு பங்கைச் செந்நிற ஒளியாக வெளிவிடும். 683 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அது மிகுந்திருக்கும். 2022 நவம்பர் 26-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவப்பெற்ற ஓஷன்சாட்-3 இவ்வொளியையும் அளக்கும் கருவியைத் தாங்கியுள்ளது.

ஆயினும் வானிலிருந்து எடுத்த அளவை அப்படியே நம்புதல் இயலாது. செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலம் சிதறடித்தது. கடல் தந்தது எஞ்சிய பங்கே. ஆகவே செயற்கைக்கோள் கடக்கும் வேளைக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்துக்குள், அதே இடத்தில், படகில் சென்று நீர் முகந்து வருகின்றனர். அந்நீரைக் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டி, தாளில் தங்கிய பச்சையத்தை அசிடோனில் கரைத்து, இருளிலும் குளிரிலும் வைத்திருந்து அளப்பர். ஒளியளவுக் கருவி ஒன்றையும் கடலுள் இறக்குவர். இவ்விரண்டோடும் செயற்கைக்கோளின் எண்ணை ஒப்பிடுவதே சரிபார்த்தல். இலட்சத்தீவின் கவரத்தி அருகே தெளிந்த நீரில் இத்தகைய அளவைகள் நடைபெற்றுள்ளன.

நம் கரையோரம் அத்துணை எளிதன்று. வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கோவளம் கழிமுகமும் சேற்றைக் கடலில் கொட்டுகின்றன. சேறும் செவ்வொளியைச் சிதறடிப்பதால், தாவரம் குறைந்த இடமும் செழித்ததுபோல் தோன்றக்கூடும். மற்றொரு சிக்கலும் உண்டு. கடும் வெயிலில் நுண்தாவரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒளிர்வைத் தணித்துக்கொள்ளும். இரும்புச்சத்துக் குறைந்த கடலிலோ மிகுதியாக ஒளிரும். ஒளிர்வு மிக்க இடமெல்லாம் விளைச்சல் மிக்க இடமென்று கொள்ளுதல், பச்சை கண்டவிடமெல்லாம் நெல்லென்பது போலாகும்!

இது நம் கரையோர ஊராட்சிகளுக்கு எவ்வாறு தொடர்புடையது? ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழி ஆய்ந்து, மீன் கூடும் இடங்களை அறிவித்து வருகின்றது. அளவு பிழைத்தால் மீனவரின் டீசலும் ஒரு நாள் உழைப்பும் வீணாகும். மழை ஓய்ந்து நீர் கலங்கியிருக்கும் நாள்களில், முகத்துவாரத்தை அடுத்த இடங்கள் குறித்த அறிவிப்பை நீரின் நிறத்தோடும் மூத்த மீனவரின் நீரோட்ட அனுபவத்தோடும் ஒத்துப் பார்த்தே படகைச் செலுத்துதல் நலம். அறிவிப்பின்படி சென்று மீன் கிடைத்ததா, இல்லையா, எவ்விடத்தில், எந்நாளில் என்பதை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஓர் ஏட்டில் குறித்து வைக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். கிடைக்காத நாளின் குறிப்பும் கிடைத்த நாளின் குறிப்பைப் போலவே அம்மையத்தாருக்குப் பயன்படும்.