வரைகலை அட்டை வாங்கும் முன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் படிவம் நான்கு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், எங்க வீட்டு ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டருக்கு வெளியில கிராஃபிக்ஸ் கார்டு மாட்டலாமா?" அவர் பள்ளிக் காணொளிக் குழுவில் இருப்பவர். நான் வகுப்புக்கு விரைந்துகொண்டிருந்தேன். "மாட்டலாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். பகுதி நேர வேலையில் சேர்த்த 900 ரிங்கிட்டுக்குப் பழைய அட்டையும் பெட்டியும் பேசி முடித்திருந்தார். மறுநாள் பணம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் சொன்னது பாதி பதில்தான் என்று. மீதிப் பாதியை இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

திரைக்குப் பின்னால் இடமில்லை

ஆல்-இன்-ஒன் என்பது திரையும் கணினியும் ஒரே உடலில் அமைந்த கருவி. மேசையில் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குள் பெரிய வரைகலை அட்டையைச் செருக இடம் இருக்காது. வெப்பம் வெளியேறும் வழியும் குறுகலானது. மின்சாரமும் போதாது. எடுத்துக்காட்டாக, ரேடியான் ஆர்எக்ஸ் 580 என்ற அட்டைக்கு மட்டுமே ஏறக்குறைய 185 வாட் மின்திறன் தேவை.

இவ்வளவு மின்சாரம் எதற்கு? ஒரு 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறக்குறைய 8.3 மில்லியன் புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை படம் மாறினால், ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 500 மில்லியன் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். கணினியின் மையச் செயலியில் சில கருக்களே இருக்கும். மேலே சொன்ன அட்டையில் 2304 சிறு கணக்கீட்டு அலகுகள் உள்ளன. ஓர் ஆசிரியர் தனியாக ஆயிரம் கூட்டல் கணக்கைப் போடுவதற்கும், பள்ளி முழுவதும் ஆளுக்கு ஒன்றாகப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

உள்ளே இடமில்லாத இந்த அட்டையை, தனி மின்வழங்கியும் காற்றாடியும் உள்ள ஒரு பெட்டியில் வைத்து, கம்பிவடம் வழியாகக் கணினியோடு இணைப்பதே வெளி வரைகலை அட்டை முறை.

பதினாறு தடம், நான்கு தடம்

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, அகலமான நெடுஞ்சாலை திடீரென்று குறுகினால் என்ன ஆகும்? வண்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நெரிசலில் நிற்க வேண்டியதுதான். இங்கும் அதே நிலைதான்.

மேசைக் கணினியில் வரைகலை அட்டை பொதுவாக 16 தடங்கள் கொண்ட இணைப்பில் அமரும். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் அது வினாடிக்கு ஏறக்குறைய 16 கிகாபைட் தரவைக் கடத்தும். வெளிப்பெட்டிக்குப் பயன்படும் தண்டர்போல்ட் 3 வடத்தின் மொத்த வேகம் வினாடிக்கு 40 கிகாபிட். அதில் அட்டைக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கு தடங்களின் அளவே, அதாவது 32 கிகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள்: 4 கிகாபைட். முன்பு இருந்ததில் கால் பங்கு!

இதனால் எல்லா வேலையும் நான்கு மடங்கு மெதுவாகிவிடாது. முப்பரிமாண உருவம் தயாரிக்கும்போது தரவு ஒருமுறை உள்ளே போகும். அட்டை நீண்ட நேரம் கணக்குப் போடும். அங்கே இழப்பு குறைவு. விளையாட்டுகளில் தரவு ஓயாமல் போய்வருவதால் இழப்பு கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டை வரைந்த படம் ஆல்-இன்-ஒன் திரையில் தெரிய வேண்டுமானால், அது அதே வடத்தின் வழியாகத் திரும்பி வர வேண்டும். 4கே படம் என்றால் அதற்கே வினாடிக்கு ஏறக்குறைய 12 கிகாபிட் ஆகும். வேறொரு திரையை நேரே பெட்டியில் இணைத்தால் இந்தப் பயணம் மிச்சம். ஆனால் திரையோடு வந்த கணினிக்கு இன்னொரு திரை வாங்க வேண்டும்!

ஒரே வடிவம், வேறு திறன்

நீள்வட்ட வடிவத் துளையைக் கண்டதும் தண்டர்போல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண யூஎஸ்பி-சி துளையும் அதே வடிவம்தான். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் கையேட்டிலும் உறுதி செய்யுங்கள்.

துளை மட்டும் போதாது, இயங்குதளமும் ஒத்துழைக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் ஹை சியரா 10.13.4 பதிப்பிலிருந்து, 2017-இலும் அதற்குப் பிறகும் வெளிவந்த இன்டெல் ஐமேக் கணினிகளில் இதை அனுமதித்தது. அதிலும் குறிப்பிட்ட ஏஎம்டி அட்டைகளுக்கு மட்டுமே. பின்னர் ஆப்பிளின் சொந்தச் சில்லுகளோடு வந்த கணினிகளில் இந்த வசதி இல்லை. புதிய கணினி என்றால் எல்லாம் முடியும் என்பது சரியன்று.

சிலர் கணினியைத் திறந்து உள்ளே வேறு வழியில் வடத்தை இணைப்பார்கள். நீங்கள் முயல வேண்டாம். உள்ளே உள்ள மின்தேக்கிகள், மின்செருகியைக் கழற்றிய பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

எது குறுகலான இடம்?

அந்த மாணவரின் கணினிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து வரச் சொன்னேன். மின்னல் குறி இல்லை. கையேட்டிலும் தண்டர்போல்ட் என்ற சொல்லே இல்லை. வாங்கியிருந்தால் அந்தப் பெட்டி அலமாரியில்தான் இருந்திருக்கும்.

பிறகு, காணொளியைத் தொகுக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 4 கிகாபைட் நினைவகம் நிரம்பி வழிந்தது. வன்தட்டு 100 விழுக்காட்டில் நின்றது. வரைகலைப் பகுதியோ பெரும்பாலும் சும்மா இருந்தது. அவர் விரிவாக்க நினைத்த சாலையில் நெரிசலே இல்லை! கடையில் கொடுத்து நினைவகத்தைக் கூட்டி, வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டார். சேமிப்பில் பாதிக்கு மேல் மீந்தது. புதிய விளையாட்டுகள் இன்னும் திணறத்தான் செய்கின்றன. ஆனால் காணொளி வேலை இப்போது தடையின்றி நடக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். உங்கள் வழக்கமான வேலையை ஓடவிட்டு, செயலி, நினைவகம், வட்டு, வரைகலை ஆகியவற்றில் எது 100-ஐ நெருங்குகிறது என்று ஐந்து நிமிடம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதை வாங்கலாம் என்று கேட்க வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். இனி அதைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.